லேமினேஷன் போட்ட சைவம்

சாலையைக் கடக்க ஒரே வழி கடந்துவிடுவதுதான் என்பது செலினுக்கு வந்த அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, முக்கியமாகப் பின்வாங்கக் கூடாது. ஒரே சீராக நடந்துகொண்டிருந்தால் வியட்நாமின் தா நாங் நகரத்து மோட்டார் சைக்கிள்கள் அத்தனையும் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் தாமாக வளைந்து போய்விடும். ஹாரன் அடிப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை, ஏதோ அவள் நேற்றே சொல்லிவைத்துவிட்டு வந்தவள் மாதிரி வழி விடுகிறார்கள். கணவர் நாதனுக்குத்தான் மூன்று நாளாகியும் இது கைவரவில்லை. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர், விசையும் திசையும் அவருக்குத் தெரியாததா, ஆனால் பாதிச் சாலையில் நின்று, இரண்டு எட்டு பின்னால் வைத்து, பாளையங்கோட்டையில் டவுன் பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி வண்டியை நிறுத்தி அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். அந்த மனிதர் இப்போது ஓட்டல் அறையில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். நேற்றுப் பளிங்கு மலைப் படியில் கணுக்கால் பிசகிவிட்டது. நீ போய்ட்டு வா செலின், எனக்காக உக்காந்திருக்காத, முந்திரி, காப்பித்தூளு, அக்காவுக்கு ஒரு கூம்புத் தொப்பி, மறந்துராத என்று அனுப்பிவைத்தவர் அவர்தான். லிஃப்ட் கதவு மூடியதுமே அவள் முடிவு செய்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் லிஃப்டில் செய்த முடிவில்லை அது. விமானத்தில் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபோதே வந்துவிட்டது, லிஃப்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், அவ்வளவுதான். இன்றைக்கு மீன் சாப்பிடப்போகிறாள். நாற்பத்தொன்பது வயதில், அஞ்சலகத்தில் பன்னிரண்டு பேரை மேய்க்கிற பெண்பிள்ளை, ஒரு மீன் சாப்பிட லிஃப்டுக்குள் ஒளிந்துகொண்டு தனக்குத் தானே அறிவிப்பு செய்கிறாள் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்தாள். எதிரே வந்த ஐஸ் வண்டிக்காரரும் திருப்பிச் சிரித்துவிட்டுப் போனார்.

ஹான் ஆற்றங்கரைச் சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் கருவாட்டு வாசனைதான் வந்து மூக்கைப் பிடித்தது. காய்ந்த கணவாயைத் துணிபோல் மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், நெத்திலியை மலைபோல் குவித்திருந்தார்கள், சிவப்பு இறாலை அளவு பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் கைக்குட்டையை எடுக்க, செலின் மட்டும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு நின்றாள். முந்திரிக் கடைக்காரி கால்குலேட்டரில் ஒரு தொகையைத் தட்டிக் காட்டினாள். செலின் அதைக் கையிலிருந்து வாங்கி வேறொன்றைத் தட்டிக் காட்டினாள். கடைக்காரி நெஞ்சில் கை வைத்து அநியாயம் என்பதுபோல் கண்ணை உருட்டினாள். செலின் பையை எடுத்துத் தோளில் மாட்டி நகர்ந்தாள். மூன்றாவது எட்டில் கடைக்காரி கூப்பிட்டுவிட்டாள். பாஷை எதற்கு, பேரத்துக்குப் பாஷை ஒரு இடைஞ்சல். காப்பித்தூள் கடையில் ருசி பார்க்கச் சொல்லி ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளர் கொடுத்தார்கள். தம்ளர் தலையிலேயே தகர வடிகட்டி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது, அடியில் கட்டிப்பால் வெள்ளையாகக் காத்திருந்தது. நம்மூர் ஃபில்டரைப்போல் ராத்திரியே போட்டு மூடிவைக்கிற காரியமில்லை, கண்முன்னாலே நடக்கிறது, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெண்ணெயில் வறுத்த மணம், கருப்பட்டி காய்ச்சும்போது அடியில் லேசாகப் பிடித்த மாதிரி ஒரு கசப்பு. அரைக் கிலோ வாங்கினாள். அத்தை, நாதனின் அம்மா, இருந்திருந்தால் இதைக் குடித்துவிட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். நினைத்ததும் வந்துவிட்டாள் அத்தை, கூப்பிடுவதற்கென்றே காத்திருந்தவள் மாதிரி, வாசல்படியில், கையில் ஆரத்தித் தட்டோடு.

அன்றைக்கு அத்தை முகத்தில் கோபம் இருந்திருந்தால் எல்லாம் எளிதாக முடிந்திருக்கும். கோபத்தைச் சமாளிக்கச் செலினுக்குத் தெரியும். கடற்கரைத் தெருவில் வளர்ந்தவளுக்கு அது சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையில்லை. ஆனால் அத்தை முகத்தில் இருந்தது பயம். சைவப் பிள்ளைமார் வீடு, நூறு வருஷமாக முட்டை ஓடுகூட உள்ளே வராத அடுக்களை, அதற்குள் தூத்துக்குடியிலிருந்து ஒரு பரவர் வீட்டுப் பெண் வந்து நிற்கிறாள். தினமும் ஒரே ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்க அஞ்சலகத்துக்கு வந்து வந்து, கடைசியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவளையே கட்டிக்கொண்டு வந்துவிட்டான் பிள்ளை. அத்தை தட்டில் கற்பூரம் ஆடியது. செலினுக்கு அப்போது இருபத்துமூன்று. எதிலும் முதல் மார்க் வாங்கிப் பழகிய வயது. யாரும் கேட்கவில்லை, ஒரு ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சிலுவையைக் கழற்று என்றோ திருநீறு பூசு என்றோகூட அந்த வீட்டில் எவரும் சொன்னதில்லை, இவளாகத்தான் வாயைத் திறந்தாள். அத்தை, நான் இனிமே மீன் தொடமாட்டேன். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு, நெசமாவா செல்வி என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செலினை அந்த நிமிஷமே செல்வியாக்கிவிட்டாள். சாகிற வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள். வீட்டையே ஒரு வாக்கியத்தில் ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு எவ்வளவு பெருமை. பக்கத்தில் நின்ற நாதன் இவளைப் பார்த்த பார்வையில் சொக்கிப்போனாள். பிறகு அந்த வாக்கியத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டிவரும் என்று இருபத்துமூன்று வயதில் யாருக்குத் தெரியும். அத்தை நல்லவள். நல்லவளாக இருந்ததுதான் தொந்தரவு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நாலு பேர் நடுவில் இவளை இழுத்து நிறுத்தி, எங்க மருமக மீனையே விட்டுட்டு வந்தவ தெரியுமா என்பாள். நாலு பேரும் தலையாட்டுவார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியாவது பாவம் என்று சொல்லியிருந்தால்கூட இவள் அன்றைக்கே உடைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பாள். எல்லாரும் பாராட்டினார்கள்.

மாடியில் துணிக்கடைகள். கூம்புத் தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள், பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது, நாத்தனாருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கிவிட்டாள். கீழே இறங்கும்போது மறுபடியும் அந்த வாசனை, கால் படியிலேயே நின்றது. பசியா பயமா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. எதற்குப் பயம். பாவம் என்றெல்லாம் அவளுக்கு இல்லை; மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிறவள், மீன் சாப்பிட்டதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் சாமியாரே சிரிப்பார். மகள் நிவேதா பெங்களூரில் பொரித்த கோழியைப் படம் எடுத்து அனுப்புகிறாள், நாதன் பார்த்துவிட்டு, அது அவ தலமொற என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார். அவர் மற்றவர்களைக் குறை சொல்கிற மனிதரே இல்லை. ஆனால் போன வருஷம் கல்யாண வெள்ளிவிழாவில் மைக்கைப் பிடித்தார். பிடிக்காமல் இருந்திருக்கலாம். எனக்காக இவ விட்டுட்டு வந்தது கடல, அது சாதாரணமில்ல என்று ஆரம்பித்து, அம்மா கடைசி வரைக்கும் இவ கையால சாப்பிட்டா, அதுக்குக் காரணம் இவ சொன்ன ஒரு வார்த்த என்று சொல்லும்போது அழுதுவிட்டார். இருநூறு பேர் கைதட்டினார்கள். செலினும் அழுதாள், படத்தில் இருக்கிறது, ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்தார்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் அவள் அம்மா மட்டும் கைதட்டாமல் இலைக்கு என்ன பரிமாறுகிறார்கள் என்று பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும்தான். கல்யாணமான மறுவாரமே அம்மா புதுச் சட்டி ஒன்று வாங்கிவிட்டாள், மகள் வருகிற அன்றைக்கு அதில்தான் ஆக்குவாள். அப்பாவையும் அண்ணனையும், அவ வந்திருக்கால்லா, மீனைப் பொறத்தால வச்சுச் சாப்பிடுங்க என்று கொல்லைக்கு விரட்டுவாள். இவள் பிறந்த வீட்டில் இவள் ஒரு விருந்தாளி. சனிக்கிழமை தோறும் போன் பேசும்போது அம்மா வாய் தவறி, இன்னைக்கு ஏலத்துல சீலா வந்துச்சு பாத்துக்கோ, இம்புட்டு நீளம், என்று தொடங்குவாள்; சட்டென்று நிறுத்திவிட்டு, சரி, அங்க மழ உண்டா என்பாள். அந்த நிறுத்தம். இருபத்தாறு வருஷமாகச் சனிக்கிழமை சனிக்கிழமையாக அந்த நிறுத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எத்தனை சனிக்கிழமை என்று கணக்குப் போட மனம் ஓடியது, பிடித்து நிறுத்தினாள்.

உண்மையான பயம் அதுவும் இல்லை. அது இன்னும் அடியில் கிடந்தது, சந்தைக்கு வெளியே சந்துக்குள் திரும்பி, பிளாஸ்டிக் முக்காலிகள் போட்ட அந்தக் கடையைப் பார்த்தபோதுதான் எழுந்து வந்தது. சாப்பிட்டுப் பார்த்து, ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால்? நாக்கு மறந்துபோயிருந்தால்? குமட்டிக்கொண்டு வந்தால்? அத்தை சொன்ன அந்த மருமகளாகவே தான் நிஜத்தில் ஆகிப்போயிருந்தால், வாக்கியம் ஜெயித்துவிட்டது, செலின் என்று ஒருத்தி எங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். நாதன் கோபித்தால் சமாளிக்கலாம். இதை யாரிடம் போய்ச் சமாளிப்பது. முழங்காலை மடக்கித் தரையோடு தரையாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரிக்கு அவள் வயதுதான் இருக்கும். பூப்போட்ட சட்டையும் அதே துணியில் கால்சட்டையும், தலையில் தொப்பி. மண்சட்டியில் ஒரு விரற்கடை அகல மீன்கள் மஞ்சளும் மிளகாயுமாக வரிசையில் படுத்துக் கொதித்துக்கொண்டிருந்தன. சாளையைவிடத் தடிமன், அயிலையைவிட ஒல்லி. பேர் என்னவோ. செலின் விரலை நீட்டிக் காட்டினாள். கடைக்காரி தட்டில் இரண்டு மீனை எடுத்து வைத்து, கண்ணாடிபோன்ற அரிசித் தாள், கட்டுக் கீரை, வெள்ளரிக்காய் எல்லாம் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தவள் செலினின் நெஞ்சைப் பார்த்தாள். ஐயோ என்று அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லி, வைத்த தட்டை ஒரே பறியில் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

செலின் குனிந்து பார்த்தாள். கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நாதன் தங்கை மகன் சென்னையில் கம்ப்யூட்டரில் பார்த்து வியட்நாமிய எழுத்தில் தயாரித்துக் கொடுத்தது: நான் சைவம், இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் சாப்பிட மாட்டேன், தயவுசெய்து உதவுங்கள். மேலே ஒரு தாமரை படம் வேறு. நாதன் அதைப் பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பிரதி லேமினேஷன் போட்டு, ஆபீஸ் அடையாள அட்டைக் கயிறு வாங்கிக் கோத்து, தினமும் காலையில் புறப்படும்போது மாலை போடுகிற மாதிரி இவள் கழுத்தில் போட்டுவிடுவார். இன்றைக்கும் படுத்தபடியே கூப்பிட்டு, குனியச் சொல்லிப் போட்டுவிட்டார். வேறு எவளாக இருந்தாலும் அது உறுத்தியிருக்கும். இருபத்தெட்டு வருஷமாகக் கழுத்தில் அட்டையோடு அலைகிற அஞ்சலகக் கழுத்துக்கு அது தெரியவே இல்லை; அட்டை இருந்தால்தான் உடுத்தி முடித்ததாகவே தோன்றும். சைவப் பலகையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு மீன் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறாள், கெட்டிக்காரி. கடைக்காரி திரும்பி வந்தாள். பொரித்த சோயாக் கட்டியும் தக்காளிச் சாறும் பிஞ்சுப் பலாக்காயும், தனியாகக் கழுவிய தட்டில். வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்து லேசாகக் குனிந்தாள். பக்கத்து முக்காலிக் கிழவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு மரியாதையாகத் தலையசைத்தார். பிழை செய்யவிருந்த ஒரு புண்ணியவதியைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி கடைக்காரி முகத்தில். செலினுக்கு அந்த முகத்தைத் தெரியும். கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்த்த முகம். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தும் அதே மரியாதை வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

சோயாக் கட்டியில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது, மேலே மொறுமொறுப்பாக, உள்ளே ஆடை மாதிரி. இரண்டாவதும் சாப்பிட்டாள். இதையே முழுக்கச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். யாருக்கும் நஷ்டமில்லை, யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, கடவுளே அட்டையைக் காட்டித் தடுத்துவிட்டார் என்று நாத்தனாரிடம் ஒரு கதையாகவே சொல்லலாம், அவள் ஊரெல்லாம் சொல்லுவாள், வாக்கியத்துக்கு இன்னொரு மாடி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். மூன்றாவது கட்டியை எடுத்த கை பாதியில் நின்றது. அத்தை நின்ற வாசலில் யாரும் கேட்காமல் பேசினாள், இங்கேயும் யாரும் கேட்கவில்லை, கேட்கமாட்டார்கள், எந்தக் காலத்திலும் எவரும் வந்து, செலின், உனக்கு என்ன வேணும் என்று கேட்கப்போவதில்லை. அப்படியென்றால் கேட்காமலே சொல்ல வேண்டியதுதான், முதல் தடவை சொன்ன மாதிரியே. கயிற்றைத் தலைவழியாகத் தூக்கினாள். கொண்டையில் கிளிப்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை, கிளிப்பையே பிடுங்கி எடுத்தாள், முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. கிழவர், கடைக்காரி, நூடுல்ஸ் சாப்பிட்ட இரண்டு பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். அட்டையைப் பைக்குள் முந்திரிக்கு அடியில் திணித்துவிட்டு மண்சட்டியைக் காட்டினாள். கடைக்காரி சாமி என்பதுபோல் வானத்தைக் காட்டினாள், பையைக் காட்டினாள், மீனைக் காட்டினாள், புருவத்தைத் தூக்கினாள். எனக்கு மீன் வேணும், என்றாள் செலின் தமிழில், சத்தமாக, நான் தூத்துக்குடிக்காரி. சொன்னபிறகுதான் தெரிந்தது, இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. எந்த ஊர் என்று கேட்டால் பாளையங்கோட்டை என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் புரியாத கடைக்காரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இரண்டுக்கு மூன்றாக மீனை எடுத்து வைத்தாள்.

அரிசித் தாளில் கீரையோடு சுருட்டித்தான் சாப்பிட வேண்டுமாம், கிழவர் செய்து காட்டினார். செலின் அதை ஒதுக்கிவிட்டுக் கையால் பிட்டாள். முதுகுப் பக்கம் சதை ஒரே கீற்றாக வந்தது. வாயில் வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. வெறும் சூடு, வெறும் காரம். போச்சு. அடுத்த கணம் ஒரு முள் அகப்பட்டது, மெல்லிய முள், மயிர் போல. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை, நாக்கு அதைத் தானாகப் பிரித்து, பல்லிடுக்கில் தள்ளி, உதட்டோரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது, சதை வேறாக முள் வேறாக. எடுத்துத் தட்டோரம் வைத்தாள். நாக்கு எதையும் மறக்கவில்லை. அவளிடம் சொல்லாமல் அத்தனையையும் வைத்துக் காப்பாற்றியிருந்தது. அதற்குப் பிறகுதான் ருசி வந்தது, வந்த பிறகு அது போகவில்லை, உப்பும் கடலும் கொழுப்புமாக மேல் அண்ணத்தில் பரவி உட்கார்ந்துகொண்டது, கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று நினைத்துக் கடைக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். சந்தோஷம், சந்தோஷம், வேறொன்றுமில்லை. தலையையும் விடாமல் கன்னச் சதையைத் தோண்டிச் சாப்பிட்டாள். மூன்று மீனின் முள்ளும் தட்டோரத்தில் சுத்தமாக, சீப்பு மாதிரி கிடந்தது. கிழவர் அதைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார்.

ஆற்றங்கரையில் ஒரு காப்பிக் கடையில் மரத்தடியில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்தில் உப்புக் காப்பி என்று ஒன்று உண்டு என நேற்றே படித்திருந்தாள். உப்பளத்து ஊர்க்காரிக்கே உப்புக் காப்பியா என்று நேற்று நாதன் கேலி செய்தார். வந்தது. அடியில் கறுப்பு, மேலே உப்புப் போட்ட பாலாடை வெள்ளை நுரையாக. கலக்காமல் குடிக்க வேண்டும், முதலில் உப்பு உதட்டில் படும், பின்னாலே கசப்பு, கடைசியில் இனிப்பு. ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினாள். திறப்பதற்குள் போன் அடித்தது. என்ன, முந்திரி கெடச்சுதா என்றார் நாதன். கெடச்சுது, தொப்பியும் வாங்கியாச்சு, காலு எப்படி இருக்கு. வீக்கம் வத்திட்டு, ஐஸ் வச்சேன், நீ சாப்ட்டியா, அட்டையக் காட்டினியா, சைவம் குடுத்தாங்களா? மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லலாம், மூன்றும் சத்தியம். சாப்பிட்டாள்; அட்டையைப் பார்த்தார்கள்; சைவம் கொடுத்தார்கள். பொய் சொல்லாமலேயே பொய் சொல்லிவிடுகிற வசதி இவ்வளவு சுலபமாக வந்து மடியில் விழுகிறது. காப்பியைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். குடுத்தாங்க, என்றாள். அதுக்கப்புறம் மீன் சாப்பிட்டேன். தெரியாமக் குடுத்துட்டாங்களா? என்று அவர் கேட்டது, கெஞ்சுவது மாதிரி இருந்தது, ஆமாம் என்று சொல்லிவிடேன் என்கிற மாதிரி. தெரிஞ்சுதாங்க, நான்தான் கேட்டு வாங்குனேன், மூணு மீன். போன் அணைந்தது.

அவராக அணைத்தாரா, தானாக அணைந்ததா. திரும்பக் கூப்பிடலாமா. கூப்பிடக் கூடாது, பாதிச் சாலையில் பின்வாங்கினால்தான் அடிபடும். இதை அவள் உறுதியாகச் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை போனைத் திருப்பித் திருப்பி வைத்தது. இப்போது அவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அக்காவுக்குப் போன் போடுவாரா, போடமாட்டார், வீட்டு விஷயத்தை வெளியே விடுகிற ஆள் இல்லை, மைக்கைத் தவிர. அழுவாரோ. அழுதால் என்ன செய்வது. அத்தையைப் பொய்யாக்கிவிட்டாயே என்பார். நான் பொய்யாக்கவில்லை, அத்தை இருந்த வரைக்கும் கடுகளவு தவறவில்லை, அது முழுசாக நடந்தது, அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது, நாளையிலிருந்து வேறு. நன்றாகத்தான் வந்தது பதில். இன்னும் இரண்டு பதில் தயார் செய்தாள், மூன்றாவதற்குள் காப்பி நுரை அமுங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் நாதனோடு ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. அதை நினைத்தபோது மட்டும் பயம் நிஜமாகவே வந்துவிட்டது, கைவிரலில் இன்னும் மீன் மணந்தது, மோந்து பார்த்தாள், கழுவ மனமில்லை. அவர் இல்லாமல் இந்த மணம் எதற்கு; இந்த மணம் இல்லாமல் தான் எதற்கு. அதிலேயே மனம் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு டாக்சி வந்து நின்றது. ஒரு காலில் ஷூவும் மறு காலில் ஓட்டல் அறைச் செருப்புமாக, கதவைப் பிடித்துக்கொண்டு நாதன் இறங்கினார். அவள் எங்கே இருக்கிறாள் என்று போனில் பார்த்துக்கொண்டே இருக்கிற ஏற்பாடு அவர்தான் செய்துவைத்தது, வெளியூரில் தொலைந்துவிடக் கூடாதென்று.

முக்காலியில் உட்கார அவருக்குச் சிரமமாக இருந்தது. கை கொடுத்தாள், பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் விட்டுவிட்டார். இவளைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தார்.

"எத்தன நாளா?" என்றார்.

"இன்னைக்குத்தான். ஆச மட்டும் இருபத்தாறு வருசமா."

"அம்மா இருந்த வரைக்கும் சொல்லல, சரி. அவ போயி ரெண்டு வருசம் ஆச்சே. எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?"

"மைக்கைப் பிடிச்சு அழுதியளே. அதுக்கு மேல எப்படிங்க சொல்ல?"

பரிமாறுகிற பெண் வந்து நின்றாள். செலினின் தம்ளரைக் காட்டி, அதே என்று சைகை செய்தார். அவள் போனபிறகும் கை அந்தத் தம்ளருக்கு நேராகவே நீண்டிருந்தது.

"நீ அம்மாட்ட அதச் சொன்னப்ப நான் பக்கத்துலதான நின்னேன்," என்றார்.

"ஆமா."

"எதுக்குட்டி அப்படிச் சொல்லுதன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேட்டா நீ மாத்திப் பேசிருவியோன்னு கேக்கல. எனக்கு அது சௌரியமா இருந்துச்சு, செலின். ரூம்ல உக்காந்து யோசிச்சேன். நீ சாப்பிட்டதுக்குத்தான் கோவம் வந்துச்சுன்னு நெனச்சேன். அது இல்ல. நான் கேக்காம விட்டது எனக்கே தெரியும், அதான்."

தயார் செய்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. அந்த வாக்கியத்தைத் தான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு நடந்ததாகத்தான் இவ்வளவு காலம் நினைத்திருந்தாள். அவரும் அதைப் பார்த்துக்கொண்டே கூட நடந்திருக்கிறார், தெரிந்து, வாய் திறவாமல். கோபம் வந்தது, முதல் தடவையாக, நியாயமான கோபம். அதோடு சேர்ந்தே அவர் மேல் ஒரு பாசமும் வந்தது. இரண்டில் எதையும் விடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போயி?" என்றார் அவர். "வெளியதான சாப்பிடுவ?"

"வெளியயும் சாப்பிடுவேன். வீட்லயும் சாப்பிடுவேன். என் அடுக்களைலதான் ஆக்குவேன்."

"ஹால்ல அம்மா படம் இருக்கு."

"அத்தைட்ட நான் பேசிக்கிடுதேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது."

"அக்கா கேப்பா."

"கேட்டா சொல்லுவேன்."

அவர் காப்பி வந்தது. குடித்தார். முகம் முதலில் சுருங்கியது, பிறகு நேரானது, இன்னொரு மிடறு குடித்தார்.

"எனக்குப் பழக நாளாவும் பாத்துக்கோ," என்றார்.

"ஆவட்டும்."

"நாளைக்கும் அந்தக் கடைக்குப் போவியா?"

"போவேன்."

அவர் காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் வாரேன். ஆனா மூக்கப் பொத்திக்கிட்டுதான் உக்காந்திருப்பேன், சொல்லிட்டேன்."

"தாராளமாப் பொத்திக்கோங்க," என்றாள் செலின்.